குரல் சோதனை

"அக்கா, போன் ஒண்ணு வாங்கிக்கலாமுங்களா?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

அந்த வீட்டில் சீடர்கள் யாரிடமும் போன் இல்லை. கூடாது என்று யாரும் சொன்னதில்லை. வந்து சேரும்போது ஒவ்வொருவரும் அதை மகளிடமோ தம்பியிடமோ கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். பிறகு கேட்கத் தோன்றவில்லை.

"வாங்குங்க. எப்படிப்பட்டது?"

"எல்லாம் சரியா இருக்கறது."

"அப்படி ஒண்ணு இருக்குதா?"

கேலி இல்லை. அக்காவுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"தேடுனா கெடைக்குமுங்க."

"கெடைச்சா எனக்குக் காட்டணும்" என்றார் அக்கா.

வீடு பென்னாகரத்துக்கு அப்பால் ஒரு கரட்டுக் குன்றின் அடியில் இருந்தது. கேழ்வரகும் அவரையும் விளையும் கொஞ்சம் நிலம். அங்கே தங்கியிருந்தவர்கள் காலையில் களை பிடுங்கினார்கள், மாலையில் அக்காவுடன் உட்கார்ந்தார்கள். சில நாள் அக்கா பேசுவார். பல நாள் பேசமாட்டார். அவர் பெயர் தில்லைநாயகி. நாற்பதைத் தாண்டியவர். நாச்சிமுத்துவுக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. வந்த புதிதில் தன்னைவிட இளையவரை அக்கா என்று கூப்பிட அவருக்கு நாக்கு வளையவில்லை. அம்மா என்றார், மேடம் என்றார். எப்படிக் கூப்பிட்டாலும் அக்கா திரும்பிப் பார்த்தார். அதனால் கடைசியில் எல்லோரும் கூப்பிடுவதையே இவரும் கூப்பிட ஆரம்பித்தார்.

அங்கே ஒரு பழக்கம் உண்டு. வெளியே போய்வருகிறவர் கண்டதையெல்லாம் அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காரலாம். பஸ்ஸில் யார் யாரோடு சண்டை போட்டார்கள், சந்தையில் புதிதாக என்ன வந்திருக்கிறது, பாலத்தை எவ்வளவு தூரம் கட்டியிருக்கிறார்கள். அக்கா கன்னத்தில் கை வைத்துக் கேட்பார். நடுவில் கேள்வி வரும். பதில் தெரியாவிட்டால் அடுத்த முறை விசாரித்து வரவேண்டும். சமையல் செய்யும் செண்பகம் இதனால் களி ஆறிப்போகிறது என்று நிலைப்படியில் நின்று முணுமுணுப்பார்.

நாச்சிமுத்து கோயமுத்தூரில் பம்பு வார்க்கும் ஆலை ஒன்றில் வேலை பார்த்தவர். கடைசிச் சோதனை அவருடையது. வார்ப்பைச் சங்கிலியில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவார். நல்ல வார்ப்பு மணிபோல் இழுத்துப் பாடும். விரிசல் இருந்தால் சத்தம் சட்டென்று செத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத விரிசலும் அவர் காதுக்குத் தெரியும். சாக்குக்கட்டியால் குறுக்கே ஒரு கோடு இழுத்தால் அந்த வார்ப்பு மறுபடி உலைக்குப் போகவேண்டியதுதான். முதலாளியே வந்து கேட்டாலும் அந்தக் கோட்டை அவர் அழித்ததில்லை.

அவருக்கு ஓர் அண்ணன். சென்னியப்பன். உடுமலைப் பக்கம் வெல்ல மண்டியில் ஏலம் கூறுகிறவர். மண்டிக்குள் அவர் விலை சொன்னால் வெளியே வண்டிமாடு காதைத் திருப்பும் என்பார்கள். அண்ணன் மகள் கல்யாணத்தில் சீர்வரிசையாக வைத்திருந்த குத்துவிளக்கை நாச்சிமுத்து போகிற போக்கில் விரலால் சுண்டினார். நின்றார். மறுபடி சுண்டினார். சம்பந்தி வீட்டார் எல்லோரும் உட்கார்ந்திருக்க, இதில் விரிசல் இருக்கிறது என்றார். விரிசல் இருந்தது உண்மைதான். அண்ணன் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ போ" என்று மட்டும் சொன்னார். நாச்சிமுத்து போனார். அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. கல்யாணப் பெண்ணுக்குப் பிறந்த குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

ஆனி மாதத்தில் பங்காளி ஒருவர் ஒகேனக்கலுக்குப் போகிற வழியில் இறங்கி வந்து, சேதியைச் சொல்லிவிட்டுப் போனார். சென்னியப்பனுக்குத் தொண்டையில் கட்டி. ஆடி கழிந்ததும் குரல்வளையை அப்படியே எடுத்துவிடப் போகிறார்கள். உயிருக்குப் பயமில்லை. ஆனால் பிறகு பேச்சு வராது.

போன் கேட்டது அதற்காகத்தான்.

இதை நாச்சிமுத்து அன்று மாலையே அக்காவிடம் சொன்னார். அண்ணன் குரலை ஒரு தடவையாவது முழுதாகக் கேட்கவேண்டும். கேட்பது மட்டும் போதாது, பதிவு செய்து வைத்துக்கொள்ள வேண்டும். முகமும் தெரியவேண்டும். நடுவில் அறுந்துவிடக் கூடாது. பேட்டரி சாகக் கூடாது. வாய்ப்பு ஒன்றுதான், அதை மட்டமான கருவியில் வீணாக்க அவர் தயாராக இல்லை.

நேராகவே போனால் என்ன என்று கேட்டவர் செண்பகம். போ என்று சொன்ன வீட்டுக்கு எப்படிப் போவது என்றார் நாச்சிமுத்து. முதலில் பேசவேண்டும். அவர் வா என்று சொன்னால் போகலாம்.

செண்பகம் இடுப்பிலிருந்து தன் பட்டன் போனை எடுத்து நீட்டினார். பின்மூடி இல்லாமல் ரப்பர் பேண்டு போட்டிருந்தது. அவர் பக்கத்து ஊரிலிருந்து வேலைக்கு வருகிறவர், அதனால் போன் வைத்திருந்தார். "இதுல பேசுங்கண்ணா. எம் மவ திருப்பூர்லருந்து தெனமும் இதுலதான் பேசறா."

நாச்சிமுத்து அதைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது என்றார்.

"எம் மவ அப்படித்தான் பேசுவா" என்றார் செண்பகம்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இம்தியாஸ் என்பவரின் போன் கடை இருந்தது. புதியதும் விற்பார், பழையதும் விற்பார். நாச்சிமுத்து வியாழக்கிழமை தோறும் காய்கறி வாங்கப் போகும்போது அங்கே ஏறினார். ஆலைக்காரரின் கேள்விகளைக் கேட்டதும் இம்தியாஸுக்குச் சுவாரஸ்யம் பிறந்துவிட்டது. கடையில் சோதித்துப் பார்ப்பதற்காகவே வைத்திருந்த சிம் கார்டைப் போட்டு, ஒரு வாரம் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள் என்றார். அப்படிச் சொன்னதற்காகப் பின்னால் அவர் வருந்தியிருக்கலாம்.

முதல் போன் வந்தது. வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

அக்காவுக்குத்தான் அதிக ஆசை. கையில் வாங்கித் திருப்பினார். படம் நிமிர்ந்தது. மறுபடி திருப்பினார். மறுபடி நிமிர்ந்தது.

"எது மேல, எது கீழன்னு இதுக்கு எப்படித் தெரியுது?"

நாச்சிமுத்துவுக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்.

மறுநாள் அக்கா அதை வாங்கிக்கொண்டு போய்ப் பொழுதெல்லாம் எறும்புகளைப் படம் பிடித்தார். பெரிதாக்கிப் பார்த்தபோது ஓர் எறும்பின் வாயில் இன்னோர் எறும்பின் கால் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் லூர்து தன் குரலைப் பதிவு செய்து கேட்டார். "இது நானில்ல" என்றார். "எங்க சித்தப்பா." இன்னொரு தடவை பேசினார். மறுபடியும் சித்தப்பாதான் வந்தார். உள்ளேயிருந்து கேட்கிற குரல் வேறு, வெளியே கேட்கிற குரல் வேறு என்று நாச்சிமுத்து விளக்கினார். லூர்து நம்பவில்லை. சித்தப்பா இறந்து நாளாகிவிட்டது, அவர் எப்படி இதற்குள் வந்தார் என்பதே அவருடைய கேள்வியாக இருந்தது.

நாச்சிமுத்து தன் வேலையை முறையாகச் செய்தார். வெயிலில் வைத்துப் பார்த்தார். ஈரக்கையால் தொட்டுப் பார்த்தார். தூரத்திலிருந்த அக்காவின் முகத்தைப் படம் எடுத்து, கண்ணிமை தெரிகிறதா என்று பார்த்தார். எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகக் குரல் சோதனை. வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. பின்னாலிருந்த பாறையில் ஏறினால்தான் கிடைக்கும். அவர் தனியாக ஏறிப் போவார். போன வேகத்தில் இறங்கி வருவார்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டார் அக்கா.

எழுத்து சின்னது, கையில் வழுக்குகிறது, குரலும் தேறவில்லை என்றார்.

அடுத்த வியாழக்கிழமை அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கி வந்தார். மேல் கீழ் எப்படித் தெரிகிறது என்பதற்கும் பதில் கொண்டுவந்தார். உள்ளே எடையை உணர்கிற பொடிப் பொருள் ஏதோ இருக்கிறதாம், அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அதுதான் கீழ். அக்கா அதைக் கேட்டு மகிழ்ந்துபோனார். அப்படியானால் திசை எப்படித் தெரிகிறது, பார்க்காமலே மழை வரும் என்று எப்படிச் சொல்கிறது என்று அடுத்த கேள்விகளைக் கொடுத்தனுப்பினார்.

"ஐயா" என்றாராம் இம்தியாஸ், "போன் வாங்கறது நீங்க. பரீட்சை எழுதறது மட்டும் நானா?"

இரண்டாவது போனில் எழுத்து பெரிதாக இருந்தது. பேட்டரி மாலைக்குள் தீர்ந்தது. மூன்றாவதில் பேட்டரி நின்றது. ஆனால் கேட்காமலே விளம்பரம் வந்து முகத்தை மறைத்தது. இன்னொன்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தது, ஆனால் தொட்டால் இட்லிச் சட்டிபோல் சுட்டது. எதுவாக இருந்தாலும் கடைசியில் நாச்சிமுத்து பாறையில் ஏறினார், இறங்கினார், குரலும் தேறவில்லை என்றார்.

இம்தியாஸ் அலுத்துப்போனார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட மூன்றாவது ஜாதகத்தில் கொஞ்சம் இறங்கி வந்துவிடுவார்கள், உங்களைப்போல் ஆளை நான் பார்த்ததில்லை என்றார். இதையும் நாச்சிமுத்து வந்து அக்காவிடம் ஒப்பித்தார். அக்கா சிரித்தார். நாச்சிமுத்து சிரிக்கவில்லை. ஆடி பாதிக்கு மேல் ஆகியிருந்தது. இரவில் அவர் சரியாகத் தூங்குவதில்லை என்று பக்கத்துப் பாயில் படுத்த லூர்து சொன்னார்.

ஒருநாள் செண்பகம் பொறுக்கமாட்டாமல் அக்காவிடமே கேட்டுவிட்டார். அந்த மனுசன் நாளைக் கடத்திக்கொண்டே போகிறார், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

"என்கிட்ட அவர் போன் வாங்கலாமான்னுதான கேட்டார்?" என்றார் அக்கா.

"அதுக்கு?"

"வாங்கலாம்னு சொல்லிட்டேன்."

செண்பகம் தலையில் அடித்துக்கொண்டு அடுப்புக்குப் போனார்.

அந்த வியாழக்கிழமை நாச்சிமுத்து வேறு நடையில் வந்தார். காய்கறிப் பையை வாசலிலேயே வைத்துவிட்டு நேராக அக்காவிடம் போய் உட்கார்ந்தார். இம்தியாஸ் தன் அக்கா மகனுக்கென்று தருமபுரியிலிருந்து வரவழைத்ததைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். எழுத்து பெரிது. பிடி வழுக்கவில்லை. பேட்டரி இரண்டு நாள் தாங்கும். விளம்பரம் இல்லை. சுடவில்லை. இருட்டில்கூட முகம் தெரிகிறது.

"கெடைச்சிருச்சுங்க" என்றார்.

சில நாள் வைத்துச் சோதித்தார். ஒவ்வொன்றிலும் அது தேறியது. அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. சவரம் செய்துகொண்டார். செண்பகத்திடம் உப்பு சரியாக இருக்கிறது என்று சொன்னார். அப்படி அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

வெயில் தாழ்ந்ததும் பாறைக்குப் போனார்.

இறங்கி வந்தபோது போனை முன்னே நீட்டிப் பிடித்திருந்தார், செத்த எலியைப் பிடித்திருப்பதுபோல. அதை அணைத்துப் பெட்டிக்குள் வைத்தவர், ஐந்தாம் நாள் மாலைதான் மறுபடி எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனார்.

அக்கா அவரைக்காய்களை உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"குரலா?"

"குரல்தானுங்க."

"இதுலயுமா?"

"அதே கரகரப்பு. தகரத்துல மணலைத் தேய்ச்சாப்ல. கம்பெனி வேற, வெலை வேற. கரகரப்பு மட்டும் ஒண்ணா இருக்குது." போனை மடியில் வைத்து விரலால் சுண்டினார். "எல்லாத் தேவைக்கும் ஆகற போன் ஒண்ணாச்சும் உலகத்துல இருக்குதுங்களா, இல்லீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

அக்கா முறத்தைத் தள்ளி வைத்தார். யோசித்தார். பிறகு கன்னத்தில் கை வைத்துக்கொண்டார், ஊர்க்கதை கேட்கும்போது வைப்பதுபோல.

"ஆலையில எப்படின்னு எனக்குத் தெரியாது. ஒரு வார்ப்புல விரிசல் இருக்குது. என்ன செய்வீங்க?"

"கோடு போட்டு உலைக்கு அனுப்புவோம்."

"அடுத்ததுலயும் இருக்குது."

"அதையும் அனுப்புவோம்."

"அதுக்கடுத்தது?"

நாச்சிமுத்து பொறுமையிழந்தார். "ஒரே எடத்துலயுங்களா?"

"ஒரே எடத்துல. ஒரே மாதிரி."

"அப்ப வார்ப்பைத் தட்டறதுல அர்த்தமில்லீங்க. வேலைய நிறுத்திப்போட்டு அச்சைத்தான் பாக்கோணும். எல்லாத்துலயும் ஒரே கொறைன்னா அது அச்சுல இருந்து வருது."

சொல்லி முடித்தபோது அவர் கை போனின் மேல் நின்றுவிட்டது.

அக்கா கேட்டார்: "குரல் சோதனைய யாரு குரல்ல செஞ்சீங்க?"

நாச்சிமுத்து போனிலிருந்து கையை எடுத்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். ஒவ்வொரு முறையும் அண்ணன் எண்ணுக்குத்தான் போட்டார். வேறு யார் குரலைக் கேட்டும் போன் நல்லதா கெட்டதா என்று அவருக்குத் தெரியாது, அண்ணன் குரல் அவர் காதுக்கு அளவுகோல்போல. மணி போகும். அண்ணன் எடுப்பார். ஹலோ என்பார். ஒரு ஹலோ போதும் அவருக்கு, விரிசல் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். விரிசல் இருக்கும். வைத்துவிடுவார்.

"நீங்க என்ன சொன்னீங்க அவர்கிட்ட?"

"ஒண்ணும் சொல்லலீங்க. சோதனைதானுங்களே. நல்ல போன் கெடைச்ச பொறகு பேசிக்கலாம்னு..."

முறத்தில் ஓர் அவரைக்காய் தானாகப் புரண்டு உருண்டது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"அவருக்குக் கட்டி தொண்டையிலதானுங்களே" என்றார் நாச்சிமுத்து. யாரோ அப்போதுதான் சேதி சொன்னதுபோல் இருந்தது அவர் கேட்ட விதம்.

அக்கா முறத்தை மறுபடி இழுத்துக்கொண்டார்.

நாச்சிமுத்து எழுந்து மறுபடி பாறைக்குப் போனார். இந்த முறை அவசரமில்லாமல் ஏறினார். தோட்டத்தில் நின்ற லூர்து, அவர் உச்சியில் உட்கார்ந்து போனைக் காதில் வைப்பதைப் பார்த்தார். வழக்கம்போல் உடனே எழுந்து வரவில்லை. வெகுநேரம் அப்படியே இருந்தார். தலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்தது.

எடுத்தது அண்ணி. நாச்சிமுத்து பெயரைச் சொன்னார்.

"இப்பத்தான் வாய் வந்துச்சாக்கு தம்பி உங்களுக்கு?" என்றார் அண்ணி.

ஆடி கழியட்டும் என்றுதான் இருந்தார்களாம். ஆஸ்பத்திரியில் படுக்கை ஒன்று காலியாகி, வரச்சொல்லிவிட்டார்கள். முந்தாநாள் எடுத்துவிட்டார்கள். நல்லபடியாக முடிந்தது. முழித்துக்கொண்டுதான் படுத்திருக்கிறார், நான் பேசுவதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றார்.

பிறகு அண்ணி சொன்னார். "அவரு ஆரையும் போனைத் தொட உடலீங்க. அந்தப் புது நம்பர்ல மணி அடிச்சதுமே எந்திரிச்சு உக்காந்துக்குவாரு. ஆருங்க அதுன்னு கேட்டா, வேற ஆரு, கூப்புட்டுப் போட்டுப் பேசாம வெக்கறவன் ஒருத்தன்தான்னு சொல்லிச் சிரிப்பாரு. ஒருக்காத் திருப்பிக் கூப்புட்டப்ப ஒரு கடைக்காரரு எடுத்து, பென்னாகரத்துல போன் கடைன்னு சொன்னாரு. அப்பறம் அவரு திருப்பிக் கூப்புடலை. தம்பி போன் பாத்துக்கிட்டிருக்கான், நல்லதா ஒண்ணு அமைஞ்சதும் பேசுவான், அது வரைக்கும் நாம ஹலோ சொல்லுவோம்னாரு. ஆஸ்பத்திரிக்குப் பொறப்படற அன்னைக்கும் சட்டைப் பையிலதான் வெச்சிருந்தாரு."

நாச்சிமுத்து சரிங்க என்றார். வைத்துவிட்டார்.

இறங்கி வந்தபோது அக்கா அதே இடத்தில் இருந்தார். செண்பகம் தட்டில் களியும் அவரைக்காய்க் குழம்பும் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றார். இன்று ஆறிப்போவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே போய்வந்தவர் சொல்வதுபோல் நாச்சிமுத்து ஒவ்வொன்றாகச் சொன்னார். படுக்கை காலியானதைச் சொன்னார். சட்டைப் பையைச் சொன்னார். அண்ணி சொன்னதில் ஒரு வார்த்தையையும் விடவில்லை.

"ஒவ்வொருக்காலும் எடுத்து ஹலோன்னாருங்க. இருந்த கடைசிக் குரல் அதுதான். அத்தனையையும் நான் கோடு போட்டுத் திருப்பி அனுப்பிட்டேன்."

செண்பகம் தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நாச்சிமுத்து போனைத் துணியால் துடைத்தார். திரையில் ஒரு கைரேகைகூட இல்லாமல் துடைத்தார். அதை அக்காவின் முன்னால் தரையில் வைத்தார்.

"நாளைக்குக் கடையில கொண்டுபோய்க் குடுத்தர்றேனுங்க. இதுல ஒரு கொறையும் இல்லை. ஆனா இனி எந்தப் போன் இருந்து என்ன ஆகப்போகுது? அந்தப் பக்கம் பேச ஆளில்லை."

அக்கா போனை எடுத்தார். தலைகீழாகத் திருப்பினார். படம் நிமிர்ந்தது. அதைப் பார்த்தபடியே கேட்டார்:

"காதையும் எடுத்துட்டாங்களா?"